சிவப்பு மக்குக்குள் ஒரு டார்ச்

அன்புள்ள பாய்,

உன் வயரிங் கடையில் வைத்து, தின்னரில் நனைத்த துணியால் உன் மகள் அந்த போல்ட்டைத் துடைத்தாள். குப்பென்று நகப்பாலிஷ் வாசனை கிளம்பியது. வெளியே நல்ல வெயில், சங்கராபுரம் பஜாரே வெந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் முதுகில் குளிர் ஏறியது.

விளக்குக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து நீ முறுக்கி வைத்த எர்த் போல்ட்தான் அது. என் படகு டிரெய்லரின் பின்சட்டத்தில், இடது விளக்குப் பெட்டிக்குக் கீழே இருந்தது. தண்ணீர் இறங்கக் கூடாது என்று அதன்மேல் சிவப்பாக நகப்பாலிஷ் பூசி வைத்திருந்தாய். பத்து வருஷமாக ஏரியிலும் மலைச் சேற்றிலும் முங்கி எழுந்த போல்ட். துடைத்துப் பார்த்தால் அடியில் கம்பி புதுசு போல மினுங்குகிறது.

"அந்தோணி மாமா, இது என் பாலிஷு" என்றாள் ஷாகிரா. "காலேஜ் படிக்கும்போது பெருநாளைக்கு வாங்கினது. பாட்டிலோட காணோம்னு வூட்டையே கலைச்சிப்போட்டுத் தேடினேன். அத்தாதான் சுட்டுக்கினு போயிருக்காரு!"

அவள் சிரித்தாள். நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது, இப்போதுதான் உன் திருட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்தப் பெட்டியை இத்தனை வருஷம் யாரையும் திறக்க விடவில்லை.

இப்போதும் திறந்திருக்க மாட்டேன். வலது பக்க விளக்கு துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. இந்த மழைக்கு முன் கரியாலூர் ஏரியிலிருந்து ஒரு படகை ரிப்பேருக்கு இறக்க வேண்டும். "பல்பு எல்லாம் இனிமே வேணாம் மாமா, எல்.இ.டி. போட்டுடலாம். முழுசா அடைச்சே வருது. தண்ணிக்குள்ள முங்கினாலும் ஒண்ணும் ஆவாது" என்றாள். சரி என்றேன். புதுசு என்றால் எனக்கு எப்போதும் ஆசை. அந்த ஆசைதான் என்னை ஒருமுறை மாட்டிவிட்டது. இப்போதும் மாட்டிவிட்டது.

உனக்குத் தெரியாததா? எட்டாவது தாண்டாத ஆள் நான். ஆனாலும் இந்த மாவட்டத்திலேயே படகு டிரெய்லர் செய்த முதல் ஆள் நான்தான் என்று சொல்லாத டீக்கடை இல்லை. சட்டத்தை வெல்டு வைத்தது கள்ளக்குறிச்சிப் பட்டறைக்காரர். விளக்கு போட்டது நீ. பெயிண்ட் அடித்து என் பேரை எழுதியது மட்டும்தான் நான். நீ அதை ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. "அந்தோணி செஞ்ச வண்டிங்க" என்றுதான் சொல்வாய்.

விளக்கு போட்ட அன்று நீ எனக்கு ஒரு சட்டம் போட்டாய். ஏரிக்கரையில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் ரிவர்ஸ் விட்டால்தான் படகு மிதந்து வந்து அதன்மேல் ஏறும். சூடாக இருக்கும் பல்பு சில்லென்ற தண்ணீரில் முங்கினால் பட்டென்று வெடித்துவிடும். ஆகையால் தண்ணீருக்குள் இறங்குமுன் டிரெய்லர் ஒயரின் பிளக்கை ஜீப்பிலிருந்து கழற்ற வேண்டும். படகு ஏறியதும் மறுபடி மாட்ட வேண்டும்.

"கழட்டுறது எவனுக்கும் ஞாபகம் இருக்கும். மாட்டுறதுதான் மறந்துபூடும்" என்றாய். "அதனால பிளக்கக் கழட்டினவன், ஜீப்பு சாக்கெட்டு மேல இடது செருப்ப மாட்டிடணும். ஒத்தச் செருப்போட எவனாவது வண்டி ஏறுவானா? செருப்பத் தேடிக்கினு பின்னாடி போவான். அங்க பிளக்கு தொங்கிக்கினு இருக்கும்."

நான்கு தடவை போனோம். நான்கு தடவையும் செருப்பு தொங்கியது. படகுத் துறைக்காரர்கள் நம்மைப் பார்த்து, "இன்னாங்க, வண்டிக்குத் திருஷ்டியா?" என்று கேட்பார்கள். நீ ரொம்ப மரியாதையாக, "ஆமாங்க, இவரு கண்ணுதான் பொல்லாத கண்ணு" என்று என்னைக் காட்டுவாய்.

ஐந்தாவது தடவைதான் அந்த நாள். ஊரெல்லாம் அந்த நாளைப் பற்றி எப்படி அளந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போது அளக்காமல் எழுதப் பார்க்கிறேன். கை பழக்கதோஷத்தில் எங்காவது கூட்டி எழுதினால் மன்னித்துக்கொள்.

அன்று நான் வெள்ளை ஷூ போட்டிருந்தேன். என் மருமகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. மலைக்குப் படகு எடுக்கப் போகிறவன் எவனாவது வெள்ளை ஷூ போடுவானா? நான் போட்டேன். விடுமுறைக் கூட்டம் கரையெல்லாம் நின்றது, பாதிப் பேர் கையில் போன். அன்னப்பறவைத் தலை வைத்த பெடல் படகு ஒன்றை நாம் ஏற்ற வேண்டும். நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பிளக்கைக் கழற்றினேன். ஷூவைக் கழற்றிச் சேற்றில் சாக்ஸோடு நிற்க மனசு வரவில்லை. அத்தனை போன் பார்க்கிறதே.

"செருப்ப வெச்சியா அந்தோணி?" தண்ணீரிலிருந்து நீ கத்தினாய்.

"வெச்சேன் பாய்!"

அதுதான் முதல் பொய்.

படகு ஏறியது. கூட்டம் கை தட்டியது. நான் கையை ஆட்டிவிட்டு, இரண்டு காலிலும் ஷூவோடு ராஜா மாதிரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். தேட ஒன்றுமில்லையே!

வெள்ளிமலை தாண்டி இறக்கம் தொடங்கும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. மழை தூறியது. பிறகு பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. கல்வராயன் மலை மஞ்சு மேலிருந்து வருகிற மாதிரி தெரியாது. ரோட்டுக்குக் கீழே பள்ளத்திலிருந்து புகை மாதிரி ஏறி வரும். முதலில் மரம் போனது, பிறகு ரோட்டோரக் கல் போனது, பிறகு என் ஜீப்பின் மூக்கே பாதிதான் தெரிந்தது. கண்ணாடியில் அன்னத்தின் கழுத்து மட்டும் ஆடி ஆடி வந்தது.

பைக்கில் வந்த ஒருத்தன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நம்மை ஒட்டி முன்னால் வந்தான். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"யோவ் பெருசு! பின்னால ஒரு லைட்டாவது எரியுதாய்யா? பேய் மாதிரி ஒரு கழுத்து நிக்குது! இன்னும் ஒரு முழம் வந்திருந்தா உள்ள பூந்திருப்பேன்!"

வளைவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். ஜீப்பின் சொந்தப் பின்விளக்கைப் படகு மறைத்துவிடும். டிரெய்லர் விளக்குதான் நமக்கு உயிர். நீ இறங்கிப் பின்னால் ஓடினாய். நான் ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் குனிந்து பார்த்தேன்.

பிளக் மாட்டியே இல்லை, பாய். ஏரிக்கரையிலிருந்து அது ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அதன் முகம் முழுவதும் தேய்ந்துபோய், உள்ளே இருந்த பித்தளைக் குச்சிகள் ரோட்டோடு போய்விட்டன. கையில் எடுத்தேன். சுட்டது.

பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "ரெண்டுமே எரியல. பிளக்கு ஒழுங்கா மாட்டியிருக்கா பாரு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய். திட்டிக்கொண்டே பல்லால் ஒயரைச் சீவி, நேராக முறுக்கிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் விளக்கை எரிய வைத்திருப்பாய். நான் என் காலைப் பார்த்தேன். வெள்ளை ஷூ.

"இருக்கு பாய். கெட்டியா இருக்கு."

இரண்டாவது பொய். தேய்ந்த பிளக்கைச் சங்கிலிக்குள் செருகி மறைத்தேன்.

நீ விளக்குப் பெட்டியை இரண்டு தட்டு தட்டினாய். பிறகு சொன்னாய், "அப்ப என் எர்த்துதான் போச்சு. ரெண்டு லைட்டுக்கும் அது ஒண்ணுதான் திரும்புற வழி. நான்தான் ஒழுங்கா முறுக்கல." உன் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, வெட்கம் இருந்தது. பெட்டிக்கடியில் படுத்து மழையில் அந்த போல்ட்டைத் தடவிப் பார்த்தாய். மஞ்சு இருட்டும் ஈரமும் சேர்ந்து, உன்னால் அங்கே வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அங்கேயே நிற்கவும் முடியாது, வளைவில் மேலிருந்து எது வந்தாலும் நம்மேல்தான் ஏறும். நீ படகிலிருந்து தண்ணீர் மொள்ளும் சிவப்பு பிளாஸ்டிக் மக்கை எடுத்தாய். அதற்குள் டார்ச்சைச் செருகினாய். மக்கே சிவப்பாக எரிந்தது.

"நீ ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டிக்கினு போ. நான் பின்னாடி நடந்து வரேன்."

"படகுல ஏறி உக்காந்துக்கினு காட்டு பாய்."

"வண்டிலயே இருந்தா அவன் பார்க்கும்போது லேட்டு. முப்பது தப்படி பின்னால இருந்தாதான் அவன் பிரேக்கப் புடிப்பான். என் எர்த்து போனதுக்கு நான்தான நடக்கணும்?"

எத்தனை வளைவு என்று டீக்கடையில் தடவைக்கு ஒரு கணக்குச் சொல்வேன். அன்று நான் வளைவை எண்ணவே இல்லை. பக்கக் கண்ணாடியில் உன் சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு திரும்பினால் நீ மறைந்துபோவாய். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவேன். ஏழு எண்ணுவதற்குள் வந்துவிடுவாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று பிரேக்கில் கால் வைப்பேன். நீ வந்துவிட்டதும் காலை எடுத்துவிடுவேன். அவ்வளவு நேரம் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்று இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அது இன்னும் கனத்தது.

ஒரு வளைவில் பன்னிரண்டு வரை எண்ணினேன். நீ வரவில்லை.

மேலே பஸ் ஹாரன் கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. என் தொண்டைக்குள் மாதாவே, மாதாவே என்று மட்டும் ஓடியது. இறங்கி ஓடினேன். பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. நீ ஓரத்துக் கால்வாய்க்குள் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாய். கை மட்டும் மேலே, மக்கோடு.

டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏன்யா, சாவுறதுக்கு வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

"சாவலீங்க. நான் டெயில் லாம்புங்க" என்றாய் நீ.

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். உன்னைத் தூக்கி நிறுத்தினேன். முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. என் வாய் திறந்தது, ஆண்டவர் சாட்சியாகத் திறந்தது. ஆனால் அதற்கு முன் நீ சொல்லிவிட்டாய்: "மன்னிச்சுக்கடா அந்தோணி. என் வேலையால உன் உயிர் போயிருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். நீ நொண்டிக்கொண்டே அடிவாரம் வரை நடந்தாய். கோமுகி அணைப் பக்கம் நிறுத்தி டீ குடித்தோம். என் டீயில் பாதி ஷூமேல் கொட்டியது.

மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புது பிளக் வாங்கி நானே மாட்டினேன். உன் கடைக்கு எதிரேதான் பஸ் ஏறினேன், நீ பார்க்காமல். பிறகு உன்னிடம் வந்து, "எர்த் போல்ட்ட ஒரு முறுக்கு முறுக்கினேன் பாய், பளிச்சுன்னு எரியுது" என்றேன். அது மூன்றாவது. மற்ற இரண்டையும் பயத்தில் சொன்னேன். இதை நிதானமாக யோசித்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ டிரெய்லர் வேலை தொடவில்லை. கரும்பு டிராக்டர்காரர்கள் கேட்டு வந்தால், "அது எனக்கு வராதுங்க. அந்தோணி உசுரயே எடுக்கப் பார்த்தேன்" என்று அனுப்பிவிடுவாய். நானோ டீக்கடையில் கதை வளர்த்தேன். நம் பின்னாலேயே கரடி வந்ததாகச் சொன்னேன். ஒயரை முள்ளம்பன்றி கடித்ததாகச் சொன்னேன். உன் பேரைக் காப்பாற்றத்தான் அந்த முள்ளம்பன்றியைக் கொண்டுவந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் கேட்டுச் சிரிப்பாய். கரடிக்கு என்ன வயசு என்று கேட்பாய். முள்ளம்பன்றி வரும்போது மட்டும் கையைத் தூக்குவாய்.

"முள்ளம்பன்னி இல்லீங்க. என் எர்த்துதான்."

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷா வருஷம் போகிறேன். செய்யாத பாவத்தையெல்லாம்கூட ரெண்டு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன் சாமியாரிடம். இதைச் சொன்னதில்லை.

ஆகவேதான் அந்த வாசனைக்குப் பயந்தேன். நான் எதிர்பார்த்தபடியே ஷாகிரா டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். சிறு பல்பு பளிச்சென்று எரிந்தது. போல்ட்டை இழுத்தாள், ஆட்டினாள், மறுபடி வைத்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"மாமா, இந்த போல்ட்டுல இதுவரைக்கும் சாவியே பட்டதில்ல. நான் துடைக்கிற வரைக்கும் பாலிஷு ஒடையவே இல்ல. நீங்க முறுக்கினதா சொன்னீங்களே?"

நான் டயரைப் பார்த்தேன்.

"எர்த்து நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப அன்னிக்கு இன்னா ஆச்சு?"

ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பாய். அறுபது தாண்டிய ஆள், சொந்த வண்டியை விட்டுவிட்டு பஜாரில் ஓட நினைத்தேன். ஜீப்பின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில், கந்தல் துணியில் சுற்றி, அந்தத் தேய்ந்த பிளக்கை வைத்திருக்கிறேன். ஏரியில் எறிந்துவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். அதை அவள் கையில் கொடுத்தேன். ஷூவிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கரடி இல்லாமல் சொன்னேன்.

அவள் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த முட்டியாலதான் அத்தாவால தொழுகையில மடிச்சு உக்கார முடியாம போச்சு. கடைசி வரைக்கும் நாற்காலி போட்டுக்கினுதான் தொழுதாரு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? இந்த பஜாரே சொல்லுது, பாய் கடையில டிரெய்லர் வயரிங் நிக்காதுன்னு. நானும் அதையே நம்பிக்கினு, வர்றவங்கள எல்லாம் திருப்பி அனுப்பிக்கினு இருக்கேன். நீங்க எங்க கதை சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க." பிளக்கைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"சொல்றேன்மா. மலைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."

"எப்பவும் ஒரு வளைவு தாண்டித்தான் சொல்லுவீங்களா?" என்றாள்.

பேச்சு உன் பேச்சுதான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு எல்.இ.டி. விளக்கையும் அவளே போட்டாள். உன் எர்த் போல்ட்டை மட்டும் மாற்றவில்லை. அதே இடத்தில் முறுக்கி, மேலே பாலிஷ் பூசினாள். போட்டு முடித்து இண்டிகேட்டரை அமுக்கினால் அது டிக்டிக்டிக் என்று பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியது. என் நெஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. "பல்பு இழுக்கிற கரண்ட்டு ஜாஸ்தி மாமா, இது கம்மி. ஒரு லைட்டு போயிடுச்சுன்னு வண்டி நெனச்சுக்குது" என்று சொல்லி ஜீப்பில் ஒரு சின்ன டப்பாவை மாற்றினாள். இண்டிகேட்டர் நிதானத்துக்கு வந்தது. எனக்கு அப்படி மாற்ற டப்பா இல்லை.

மலைக்குத் தானும் வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டாள். "விளக்கு நான் போட்டது. எரியுதான்னு நான்தான் பார்ப்பேன்." கரியாலூர் போகும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரையில், தண்ணீருக்குள் இறங்குமுன், நான் என்னை அறியாமல் பிளக்கைக் கழற்றப் போனேன். "வேணாம் மாமா, இப்ப தேவையில்ல" என்றாள். விளக்கு எரிந்துகொண்டே தண்ணீருக்குள் போயிற்று, பாய். பச்சைத் தண்ணீருக்கு அடியில் இரண்டு சிவப்புக் கண். பட்டென்று வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. பிளக்கைத் தொடவே தொடாத நான், இடது செருப்பைக் கழற்றி சாக்கெட் மேல் மாட்டிவிட்டு நின்றேன். அவள் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

திரும்பும்போது மஞ்சு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மாதிரியே கீழிருந்து ஏறியது. அந்த வளைவுக்கு வந்ததும் என் கால் தானாகவே பிரேக்கில் போனது. வளைவு தாண்டி, ரோடு அகலமாக இருந்த ஓரத்தில் நிறுத்தினேன்.

"எங்க போறீங்க?"

"பின்னாடி."

தப்படி எண்ணிக்கொண்டே மேல்நோக்கி நடந்தேன். பத்தில் திரும்பிப் பார்த்தேன், இரண்டு விளக்கும் நன்றாகத் தெரிந்தன. இருபதில் இரண்டும் ஒன்றாகிச் சிவப்புப் புகை மாதிரி இருந்தது. முப்பதிலும் தெரிந்தது. உன் மகளின் வேலை நல்ல வேலை.

பிறகு நீ நின்ற மாதிரி, விளக்குக்கு முதுகைக் காட்டி, மேலே வளைவைப் பார்த்து நின்றேன்.

பத்து வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒருநாளும் இந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை. முன்னால் ஜீப்பில் இருந்தவனுக்கு ஸ்டியரிங் இருந்தது, கண்ணாடி இருந்தது, இன்ஜின் சத்தம் துணைக்கு இருந்தது. இங்கே ஒன்றுமே இல்லை. முகத்துக்கு எதிரே வெள்ளையாக ஒரு சுவர். அதற்குள்ளிருந்து எது, எந்த வேகத்தில் வரும் என்று தெரியாது. மேலே எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. தூரமா பக்கமா என்றுகூடத் தெரியவில்லை. 

பத்து எண்ணும் வரை நின்றேன், பாய். அதற்குமேல் முடியவில்லை. திரும்பி ஓடி வந்து ஜீப்பில் விழுந்தேன். நீ அடிவாரம் வரை நடந்தாய். நொண்டிக்கொண்டு நடந்தாய். உன் தப்பு என்று நினைத்துக்கொண்டு நடந்தாய்.

ஷாகிரா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். மேலிருந்து வந்த வேன் நம் விளக்கைப் பார்த்துத் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஹாரன்கூட அடிக்காமல், ஒதுங்கிப் போனது.

நேற்றுக் காலையில் உன் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். வழக்கமான கூட்டம்தான். ஷாகிரா கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "வாங்க அந்தோணிண்ணே, மலைக்குப் போய் வந்தீங்களாமே. இந்தத் தடவ இன்னா, யானையா?"

எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தனை முகத்தையும் பார்த்து எனக்கு வியர்த்தது. மஞ்சுக்குள் நின்றபோதுகூட அவ்வளவு வியர்க்கவில்லை.

"அன்னிக்கு பாயோட எர்த்து போவல" என்றேன். "பிளக்கக் கழட்டிட்டு நான்தான் மாட்டல. கேட்டப்ப பொய் சொன்னேன்."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். பிறகு ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கதைய மாத்திட்டாருய்யா! அப்ப அந்த முள்ளம்பன்னி இன்னாண்ணே ஆச்சு?"

கரடியை நம்பியவர்கள், பாய். முள்ளம்பன்றியை நம்பியவர்கள். இதை நம்பவில்லை.

"அந்த முள்ளம்பன்னி வெள்ள ஷூ போட்டுக்கினு இருந்துச்சுய்யா" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்து மேசைமேல் வைத்தேன். தேய்ந்த முகம் மேலே தெரியும்படி வைத்தேன். ஒரு டிராக்டர்காரர் அதை எடுத்தார். வயர் அறிந்த ஆள். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உன் கடைப் பக்கம் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் எனக்கு டீ சொல்லவில்லை.

அவர் எழுந்து கடை வாசலுக்குப் போனது தெரிந்தது. "ஏம்மா, நம்ம கரும்பு டிரெய்லருக்குப் பின்னாடி லைட்டு போடணும். செய்வியா?"

ஷாகிரா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, பஸ் ஒன்று குறுக்கே போய்விட்டது. பஸ் போனபின் பார்த்தேன். அவள் வாசலில் குத்துக்காலிட்டு, சாக்பீஸால் தரையில் அவருக்கு ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

பிளக் திரும்பவும் என் பையில்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், அழகாக இருக்கும். போகவில்லை. வண்டி ஓட்டும்போது கண்ணாடியில் உன் சிவப்புப் புள்ளியை இன்னும் தேடுகிறேன். இரண்டு விளக்கும் நன்றாக எரிகின்றன. ஆனாலும் வளைவு திரும்பும்போது ஏழு வரை எண்ணுகிறேன்.

உன்
அந்தோணி